வீடியோ கேம்களுக்குப் புள்ளி போடத்தான் வேண்டுமா?

“வாப்பா, இந்தக் கேமுக்கு 97 மார்க்ஸ் குடுத்திருக்காங்க” என்று பிள்ளை வந்து சொன்னால் பெரும்பாலான வீடுகளில் அதற்கு மேல் கேள்வி எழுவதில்லை. நூற்றுக்கு 97 என்பது நமக்கு நன்றாகப் பழகிய மொழி. முதலாம் தரம் தொடக்கம் உயர்தரம் வரை பிள்ளைகளைப் பற்றி நாம் அந்த மொழியில்தான் பேசுகிறோம். 97 எடுத்த பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. ஆகவே 97 எடுத்த கேமும் நல்ல கேமாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் தானாகவே முடிவு செய்துவிடுகிறது.

விமர்சகர்களிடம் 97 புள்ளி பெற்ற கேம்களில் ஒன்று 2013இல் வெளியான ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5’. அதே கேமின் பெட்டியில் இன்னோர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கிறது: 18. ஐரோப்பாவின் ‘பெகி’ என்ற வயது வகைப்படுத்தல் அமைப்பு கொடுத்த எண் அது. கொலையும் கொள்ளையும் கெட்ட வார்த்தைகளும் நிறைந்த அந்தக் கேம் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரியதல்ல என்பது அதன் பொருள். இரண்டு எண்களுக்கும் இடையில் முரண்பாடு எதுவும் இல்லை. கேம் எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று விமர்சகர்கள் நினைத்ததை 97 சொல்கிறது. யாருடைய கையில் அது இருக்கலாம் என்பதை 18 சொல்கிறது. பிள்ளை வந்து சொல்வது முதலாவது எண்ணை மட்டும்தான்.

வயது எண்ணைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே பேச வந்தது அந்த முதலாவது எண்ணைப் பற்றி. கேம் விமர்சனங்களின் முடிவில் புள்ளி போடலாமா, கூடாதா என்று மேற்கு நாடுகளின் விமர்சகர்கள் பல வருடங்களாக வாதிட்டு வருகிறார்கள். பொழுதுபோக்குச் சாமானுக்கு இவ்வளவு பெரிய வாதமா என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் இந்தப் புள்ளியால் ஒருவர் வேலை இழந்திருக்கிறார். ஒரு முழு நிறுவனமே தனக்குக் கிடைக்கவிருந்த மேலதிகக் கொடுப்பனவை இழந்திருக்கிறது. இதே புள்ளியை நம்பித்தான் நம் வீட்டுப் பிள்ளைகளும் பணம் கேட்கிறார்கள்.

முதலில் இந்தப் புள்ளி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். ஒரு விமர்சகர் கேம் ஒன்றைப் பத்து மணித்தியாலமோ, ஐம்பது மணித்தியாலமோ, சில வேளைகளில் நூறு மணித்தியாலமோ விளையாடுகிறார். பிறகு ஆயிரம், இரண்டாயிரம் சொற்களில் தன் அனுபவத்தை எழுதுகிறார். கடைசியில் பத்துக்கு எட்டு, ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், நூற்றுக்கு 83 என்று ஏதாவது ஓர் எண்ணைப் போடுகிறார். 2001இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘மெட்டாகிரிட்டிக்’ என்ற இணையத்தளம் இப்படிப் பல ஊடகங்களில் வரும் எண்களைத் திரட்டி, எல்லாவற்றையும் நூற்றுக்கு மாற்றி, சராசரி எடுத்து ஒரே எண்ணாகத் தருகிறது. அது நேரான சராசரியும் அல்ல. சில ஊடகங்களின் புள்ளிக்கு எடை அதிகம், சிலவற்றுக்குக் குறைவு. எதற்கு எவ்வளவு எடை என்பதை அந்தத் தளம் வெளியிடுவதில்லை.

விடைத்தாள் திருத்திய எவருக்கும் இதிலுள்ள சிக்கல் உடனே விளங்கும். ஐந்து நட்சத்திரம் போடும் விமர்சகருக்கு மூன்று நட்சத்திரம் என்றால் ‘பரவாயில்லை, விளையாடலாம்’ என்று பொருள். நூற்றுக்கு மாற்றினால் அது 60. நூற்றுக்குப் போடும் விமர்சகர் 60 என்று எழுதினால் ‘அந்தப் பக்கமே போகாதீர்கள்’ என்பதற்குக் கிட்ட வந்துவிடும். இரண்டு பேர் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார்கள். சராசரிக்குள் போனதும் இருவரும் ஒன்றையே சொன்னதாக ஆகிவிடுகிறது.

சிறிய கணக்கு ஒன்று. அறுபது விமர்சனங்கள் வந்த ஒரு கேமை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் சம எடை என்றே வைப்போம். நட்சத்திரம் போடுபவர்களில் மூன்று பேர் ஐந்துக்குப் பதிலாக நான்கு போட்டால், ஆளுக்கு 20 புள்ளி வீதம் மொத்தத்தில் 60 புள்ளி குறையும். சராசரியில் சரியாக ஒரு புள்ளி இறங்கும். மற்ற ஐம்பத்தேழு பேரும் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. இந்த ஒரு புள்ளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அது மறுபடி வரும்.

வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை அப்படியே கூட்டிப் பிள்ளைகளை ஒப்பிட முடியாது என்பதால்தான் நமது நாட்டில் 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி முறை வந்தது. அதைச் சுற்றியும் நீதிமன்றம் வரை சென்ற சர்ச்சைகள் உண்டு. ஒரே பரீட்சைத் திணைக்களம், ஒரே நாளில் ஒரே வினாத்தாள் என்று இருந்தும் நமக்கு இந்தப் பாடு.

புள்ளியைப் படிப்பவரும் தன் நாட்டுப் பழக்கத்தோடுதான் படிக்கிறார். க.பொ.த. சாதாரண தரத்தில் 75 எடுத்தால் நமக்கு ‘ஏ’ சித்தி. பாற்சோறு கிண்டாத குறைதான். அமெரிக்கப் பாடசாலைகளில் பொதுவாக 90க்கு மேல்தான் ‘ஏ’. எழுபதுகள் என்றால் ‘சி’. கேம் விமர்சனங்களில் பெரும்பகுதி அமெரிக்க, பிரித்தானிய ஊடகங்களில் வருவது. அங்கே பத்துக்கு ஏழு என்றால் வாசகர் முகம் சுளிக்கிறார். ஐந்தும் அதற்குக் கீழும் இருக்கும் பாதி அளவுகோல் பெரும்பாலும் பயன்படுத்தப்படாமலே கிடக்கிறது. மெட்டாகிரிட்டிக்கின் நிறங்களே இதற்குச் சாட்சி. கேம் என்றால் 75 முதல் மேலே பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. அதே தளத்தில் திரைப்படம் என்றால் 61இலேயே பச்சை தொடங்கிவிடும். 65 எடுத்த படம் பச்சை, 65 எடுத்த கேம் மஞ்சள். ஒரே கடையில் இரண்டு தராசு.

இதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. சாதாரண தர விடைத்தாள் திருத்தப் போகும் ஆசிரியர் தன் விருப்பப்படி புள்ளி போடுவதில்லை. கையில் புள்ளியிடும் திட்டம் இருக்கும். எந்தக் கருத்துக்கு எத்தனை புள்ளி என்று அதில் வரையறுக்கப்பட்டிருக்கும். மேலே பிரதம பரீட்சகர் இருப்பார். திருத்திய தாள்கள் மீண்டும் பார்க்கப்படும். இவ்வளவு ஏற்பாடு இருந்தும் ஒரு கட்டுரை வினாவுக்கு இரண்டு ஆசிரியர்கள் ஒரே புள்ளியைப் போடுவது அரிது. கேம் விமர்சகரின் கையில் எந்தத் திட்டம் இருக்கிறது? ‘டெட்ரிஸ்’ கேமில் கதை என்று எதுவும் இல்லை. மேலிருந்து கட்டைகள் விழுகின்றன, அவ்வளவுதான். ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ கேமில் கதையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். இரண்டையும் ஒரே பத்துக்குள் அடக்கும்போது கதைக்கு எத்தனை, காட்சிக்கு எத்தனை, இடையில் நின்றுபோகும் கோளாறுக்கு எத்தனை கழிக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளை பரீட்சை எழுத வருகிறது. கேம் அப்படி எந்தப் பரீட்சைக்கும் வரவில்லை. ஆனாலும் புள்ளி மட்டும் விழுகிறது.

இனி அந்த ஒரு புள்ளியின் கதை. 2010 ஒக்டோபரில் ‘ஃபோலவுட்: நியூ வேகாஸ்’ என்ற கேம் வெளியானது. அணுவாயுதப் போருக்குப் பின்னரான அமெரிக்கப் பாலைவனத்தில் நடக்கும் கதை. கலிபோர்னியாவிலுள்ள ஒப்சிடியன் நிறுவனம் ஏறத்தாழ ஒன்றரை வருடத்தில் செய்து முடித்தது. வெளியிட்டது பெதெஸ்டா. 2012 மார்ச்சில் ஒப்சிடியனின் மூத்த வடிவமைப்பாளர்களில் ஒருவரான கிறிஸ் அவெலோன் டுவிட்டரில் ஒரு தகவலைப் பகிரங்கமாக எழுதினார். அந்தக் கேமுக்குத் தமது நிறுவனத்துக்கு ஒரு தடவைக் கொடுப்பனவு மட்டுமே கிடைத்தது, விற்பனையில் பங்கு இல்லை. மெட்டாகிரிட்டிக்கில் 85 எடுத்தால் மேலதிகமாக ஒரு தொகை என்று பேச்சு, அது கிடைக்கவில்லை என்றார். கேம் எடுத்த புள்ளி 84.

கேமில் கோளாறுகள் இருந்தது உண்மை. வெளியான நாட்களில் அது அடிக்கடி நின்றுபோனது. விமர்சகர்கள் அதைக் குறிப்பிட்டுப் புள்ளி குறைத்ததும் நியாயம். அவர்களில் ஒருவரும் ‘இந்த ஊழியர்களுக்கு போனஸ் கிடைக்கக் கூடாது’ என்று நினைத்து எழுதவில்லை. ஒவ்வொருவரும் தன் வாசகருக்கு ஓர் அபிப்பிராயம் சொன்னார்கள். அந்த அபிப்பிராயங்களை யாரோ கூட்டி வகுத்தார்கள். வேறு யாரோ அந்த ஈவை ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒன்றரை வருட உழைப்புக்கான மேலதிகக் கூலி, எங்கோ மூன்று பேர் ஒரு நட்சத்திரத்தைக் கூட்டுவதிலோ குறைப்பதிலோ தொங்கிக்கொண்டிருந்தது. இன்று அந்த வகைக் கேம்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக நியூ வேகாஸைப் பலரும் குறிப்பிடுகிறார்கள் என்பது தனிக்கதை.

இது ஒரே ஒரு ஒப்பந்தத்தின் விசித்திரமும் அல்ல. அக்டிவிஷன் நிறுவனம் பங்கீ நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் 2012இல் ஒரு வழக்கின் போது வெளியே வந்தது. ‘டெஸ்டினி’ என்ற கேம் 90 புள்ளியோ அதற்கு மேலோ பெற்றால் 25 இலட்சம் டொலர் மேலதிகமாகத் தருவதாக அதில் இருந்தது. 2014இல் வெளியான டெஸ்டினி எழுபதுகளில் நின்றது. இரண்டு தரப்பும் பெரிய நிறுவனங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அதை விட்டுவிடலாம். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு எண் ஏறிவிட்டால் அந்த எண்ணுக்காகவே கேம் செய்யும் பழக்கம் வரும். பரீட்சைக்காக மட்டும் படிப்பிக்கும் வகுப்பறை எப்படி ஆகிவிடுகிறது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விமர்சகர் பக்கத்துக்கும் வருவோம். 2007 நவம்பரில் ‘கேன் அண்ட் லிஞ்ச்’ என்ற கேமுக்கு ‘கேம்ஸ்பொட்’ தளத்தின் மூத்த விமர்சகர் ஜெஃப் கர்ஸ்ட்மன் பத்துக்கு 6.0 கொடுத்தார். அந்த நேரத்தில் அதே தளம் முழுவதும் அதே கேமின் விளம்பரம். சில நாட்களில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விளம்பரதாரரின் அழுத்தம்தான் காரணம் என்று அப்போதே பேச்சு அடிபட்டாலும் அவரால் வாய் திறக்க முடியவில்லை. 2012இல்தான் விளம்பர அழுத்தத்தின் பின்னணியைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசினார். அவரோடு வேலை செய்த சிலரும் அங்கிருந்து விலகினார்கள்; அவர் ‘ஜயண்ட் பொம்ப்’ என்ற புதிய தளத்தைத் தொடங்கினார்.

இந்தச் சம்பவத்தைப் புள்ளிக்கு எதிராகவும் சொல்லலாம், ஆதரவாகவும் சொல்லலாம். விளம்பரம் கொடுக்கும் கம்பனியின் அதிகாரிக்கு இரண்டாயிரம் சொற்களை வாசிக்க நேரமில்லை, 6.0 கண்ணில் படும். அந்த வகையில் புள்ளி விமர்சகரைக் காட்டிக் கொடுக்கிறது. மறுபுறம், 6.0 என்று வெளிப்படையாகப் போட்டதில்தான் அவருடைய நேர்மையும் தெரிந்தது. புள்ளி இல்லாத விமர்சனத்தில் ‘சிலருக்குப் பிடிக்கலாம், சிலருக்குப் பிடிக்காமலும் போகலாம்’ என்று வழுக்கிக்கொண்டு போய்விட முடியும். எண் ஒன்றைப் போட வேண்டும் என்றால் விமர்சகர் எங்கேயோ ஓரிடத்தில் கால் ஊன்றி நின்றே ஆக வேண்டும்.

புள்ளிக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றில் எனக்கு மிகவும் வலுவாகப் படுவது இதுதான். இரண்டாவது காரணம் பணம். பெரிய நிறுவனங்களின் புதிய கேம்கள் 60 டொலரிலிருந்து 70 டொலருக்கு ஏறிவிட்டன. நமது காசில் இருபதாயிரம் ரூபாவைத் தாண்டும். ஓர் ஆசிரியர் வீட்டுக்கு அது சின்னத் தொகையல்ல. ஆங்கிலத்தில் நீளமாக எழுதப்பட்ட விமர்சனத்தை வாசித்து விளங்கிக்கொள்ளச் சிரமப்படும் பெற்றோருக்கு எண் ஒன்றுதான் பிடிமானம். அந்தப் பிடிமானத்தைப் பிடுங்கிவிட்டு ‘முழுவதையும் வாசியுங்கள்’ என்று சொல்வது வாசிக்கத் தெரிந்தவர்களின் சொகுசு.

ஆனால் எண் இருக்கும் இடத்தில் எழுத்து வாசிக்கப்படுவதில்லை என்பதும் உண்மை. ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் படித்த ஓர் ஆய்வு இருக்கிறது. ரூத் பட்லர் என்ற கல்வி உளவியலாளர் 1988இல் வெளியிட்டது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்குப் புள்ளி மட்டும், இன்னொரு பகுதியினருக்குக் குறிப்புரை மட்டும், மூன்றாவது பகுதியினருக்குப் புள்ளியும் குறிப்புரையும். குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்கள் புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். புள்ளியைப் பார்த்த கண் குறிப்புரையைப் பார்க்கவில்லை. தவணைப் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் எந்த வகுப்பறைக்குப் போனாலும் இதைக் காணலாம். சிவப்புப் பேனாவால் நாம் எழுதிய நான்கு வரியை விட்டுவிட்டு, பக்கத்து மேசைக்காரன் எத்தனை என்றுதான் பிள்ளை எட்டிப் பார்க்கும்.

கேம்களுக்கு இன்னுமொரு விசேஷம் உண்டு. புத்தகம் அச்சானதும் அதுவே முடிவு, கேம் அப்படியல்ல. வெளியான பிறகும் இணையத்தின் வழியாக மாறிக்கொண்டே இருக்கும். 2016 ஓகஸ்டில் வெளியான ‘நோ மேன்ஸ் ஸ்கை’ வாக்களித்தவற்றில் பாதியைக்கூடத் தரவில்லை என்று விளையாடியவர்கள் கொதித்தார்கள். மெட்டாகிரிட்டிக்கில் 71. அதன் பிறகு அந்தச் சிறிய பிரித்தானிய நிறுவனம் வருடக்கணக்காக இலவசமாகவே அதைத் திருத்தி விரித்தது. திட்டியவர்கள் பலர் திரும்பி வந்து பாராட்டினார்கள். ஆனாலும் 71 அப்படியே இருக்கிறது. விமர்சகர் முதலில் போட்ட புள்ளியை மட்டுமே ஏற்பது அந்தத் தளத்தின் வழக்கம்.

எதிர்த் திசையிலும் நடக்கும். 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ வெளிவருமுன் விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கணினிப் பிரதி. அதை விளையாடி உயர்ந்த புள்ளிகளைப் போட்டார்கள். பழைய பிளேஸ்டேஷன் 4இலும் எக்ஸ்பொக்ஸ் வனிலும் வாங்கியவர்களுக்குக் கிடைத்ததோ ஒழுங்காக ஓடவே மாட்டாத பிரதி. வெளியான ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்து தூக்கிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. கேம் மறுபடி கடைக்கு வர அடுத்த வருடம் ஜூன் ஆனது. விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த விடைத்தாள் வேறு, மக்களுக்குக் கிடைத்த விடைத்தாள் வேறு.

பெற்றோர் கவனிக்க வேண்டிய உதாரணம் 2022 மார்ச்சில் வந்த ‘கிரான் டுரிஸ்மோ 7’ என்ற கார்ப் பந்தயக் கேம். விமர்சகர்கள் அதற்கு எண்பதுகளில் புள்ளி கொடுத்தார்கள். கேமுக்குள் இருக்கும் கார்களை உண்மைப் பணம் கொடுத்து வாங்கும் ஏற்பாடு பொதுமக்களின் கைக்கு வந்த பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. சில நாட்களில் ஒரு புதுப்பிப்பு வந்து, பந்தயம் ஓடிச் சம்பாதிக்கும் கேம் பணத்தையும் குறைத்தது. ஓடி உழைத்தால் கார் கிடைக்க வெகுநாள், காசு கொடுத்தால் உடனே. விளையாடியவர்கள் கொந்தளித்ததும் தயாரிப்பாளர் மன்னிப்புக் கேட்டு, எல்லோருக்கும் பத்து இலட்சம் கேம் பணம் கொடுத்தார். விமர்சனத்தின் அடியிலிருந்த எண் மட்டும் இவை எதையும் அறியாமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

வாசகர்களே போடும் புள்ளி இதற்கு மாற்றாகுமா என்றால், 2020 ஜூனில் ‘த லாஸ்ட் ஒஃப் அஸ் 2’ வெளியான அன்று நடந்தது போதுமான பதில். முடிக்க இருபது மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் கேமுக்குச் சில மணித்தியாலங்களிலேயே பூச்சியங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கேம் வெளியாகி 36 மணித்தியாலம் கழிந்த பிறகே பொதுமக்கள் புள்ளி போடலாம் என்று மெட்டாகிரிட்டிக் அதன் பின்னர் விதியை மாற்றியது.

வேறு வழிகளைச் சிலர் முயன்று பார்த்திருக்கிறார்கள். பிரித்தானியாவின் ‘யூரோகேமர்’ 2015 பெப்ரவரியில் பத்துப் புள்ளி முறையைக் கைவிட்டு, ‘அவசியம்’, ‘பரிந்துரைக்கிறோம்’, ‘தவிர்க்கவும்’ என்ற மூன்று முத்திரைகளை மட்டும் வைத்துக்கொண்டது. ‘பொலிகன்’ 2018இல் புள்ளியை விட்டது. ‘ரொக் பேப்பர் ஷொட்கன்’ தொடக்கத்திலிருந்தே எண் போடாமல் நடந்த தளம். எண் இல்லாத விமர்சனம் மெட்டாகிரிட்டிக் சராசரியில் சேராது. சேராதவரை அந்தச் சராசரியைப் பார்த்து வரும் வாசகரின் கண்ணில் படுவதும் குறைவு. யூரோகேமர் 2023இல் ஐந்து நட்சத்திரத்தோடு திரும்பி வந்தது. எட்டு வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

ஜப்பானின் ‘ஃபமிட்சு’ சஞ்சிகையின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. நான்கு விமர்சகர்கள் தனித்தனியே பத்துக்குப் போடுவார்கள். நான்கு எண்களும் நான்கு சிறு குறிப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும். 1986 முதல் வரும் அந்தச் சஞ்சிகையில் நாற்பதுக்கு நாற்பது முதன்முதலில் 1998இல்தான் விழுந்தது, ‘செல்டா: ஒக்கரினா ஒஃப் டைம்’ கேமுக்கு. நாற்பது என்று கூட்டுவதைத்தான் அவர்கள் விட்டிருக்க வேண்டும். 9, 9, 9, 4 என்று தனித்தனியாகப் பார்க்கும் வாசகர் ‘அந்த நான்கு போட்டவர் என்ன சொல்கிறார்?’ என்று கேட்பார். 31 என்று பார்ப்பவர் எதையும் கேட்கமாட்டார்.

ஆகவே என் கருத்து இது. விமர்சகர் தீர்ப்புச் சொல்லட்டும்; தீர்ப்புச் சொல்லாமல் நழுவுவது விமர்சனமல்ல. ஆனால் அந்தத் தீர்ப்பு கூட்டவும் வகுக்கவும் முடியாத வடிவில் இருக்கட்டும். ‘வாங்கலாம்’, ‘விலை குறையும் வரை பொறுக்கலாம்’, ‘வேண்டாம்’ என்ற மூன்று சொல் போதும். அதோடு எந்தக் கருவியில் விளையாடினார், எத்தனை மணித்தியாலம், எந்தத் திகதியிலிருந்த பிரதி, வாங்கிய பிறகு மேலும் பணம் கேட்கிறதா, வயது எல்லை என்ன என்ற விவரங்கள் ஒரு சிறு பெட்டியில் வந்தால் ஆங்கிலம் குறைந்த பெற்றோருக்கும் அது 8.4ஐ விடப் பயன்படும். 8.4க்கும் 8.5க்கும் இடையில் என்ன வித்தியாசம் என்று எந்த விமர்சகராலும் எழுதிக் காட்ட முடியாது. பணம் கேட்கிறதா இல்லையா என்பதை ஒரு சொல்லில் எழுதலாம்.

அதுவரை, கிடைக்கும் புள்ளிகளையாவது பயனுள்ளதாகப் பார்க்கலாம். மெட்டாகிரிட்டிக்கில் பச்சை நிறத்தில் 90 தெரிந்தால் அதன் கீழே உள்ள பட்டியலைக் கடைசியிலிருந்து வாசியுங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு 60 இருக்கும். எல்லோரும் கொண்டாடும்போது தனியாக நின்று குறை சொல்பவர் அதற்குக் காரணத்தை விளக்கியே ஆக வேண்டும். ஆகவே அந்த விமர்சனம்தான் அதிகம் சொல்லும். அவர் சொல்லும் குறை உங்கள் பிள்ளைக்குப் பொருட்டே இல்லாததாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

நம் ஊர்களில் பெரும்பாலான பிள்ளைகள் விளையாடுவது இந்தப் பெரிய கேம்களை அல்ல. வாப்பாவினதோ உம்மாவினதோ கையடக்கத் தொலைபேசியில் ‘ஃப்ரீ ஃபயர்’, ‘பப்ஜி’. இவற்றுக்கு யாரும் விமர்சனம் தேடுவதில்லை. இலவசம் என்பதால் பிளே ஸ்டோரிலுள்ள நட்சத்திரத்தைப் பார்த்துப் பதிவிறக்கிவிடுகிறார்கள். விளையாடுபவர்கள் போடும் நட்சத்திரம் அது. 2019 முதல் அண்மையில் போட்டவர்களின் நட்சத்திரத்துக்குக் கூகுள் கூடுதல் எடை கொடுக்கிறது. கேம் சுவாரசியமாக இருக்கிறதா என்பதற்கு அது ஓரளவு பதில் சொல்லும். ஃப்ரீ ஃபயரில் ‘டயமண்ட்’, பப்ஜியில் ‘யூசி’ என்று காசு கொடுத்து வாங்கும் பொருள்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதற்கு அதே பக்கத்தில் வேறோர் இடம் இருக்கிறது. பதிவிறக்கும் பொத்தானுக்கு அருகில் சிறிய எழுத்தில் செயலிக்குள் கொள்முதல் உண்டு என்ற வரி. கேமைப் பற்றிய விவரப் பகுதியைத் திறந்து கீழே போனால், ஒரு பொருளுக்கு எவ்வளவு முதல் எவ்வளவு வரை அறவிடுவார்கள் என்ற விலையும் அங்கே போடப்பட்டிருக்கும்.